வெள்ளம் போக நாலு ஓட்டை

மாரிக்கு முன்னம் வீடு வீடாகப் போய்க் குறை சொல்லுகிற என்னுடைய தொழிலில், சுவருக்கு வருகிற வெடிப்பைச் சீமெந்து வைத்து அடைத்துவிடலாம். வீட்டுக்காரருக்கு வருகிற யோசனைகளைத்தான் அடைக்க ஏலாது.

நான் முந்தி அரசாங்கத்தில் ஓவசியர், கட்டட வேலைகளை மேற்பார்க்கிற ஆள். அதை விட்டுவிட்டு இப்போது தனியாக வீடு பார்க்கிறேன். கூரை, வயரிங், கிணறு, மதில் எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்து, எது பழுது, எதை உடனே திருத்த வேண்டும், விற்றால் என்ன பெறும் என்று எழுதிக் கொடுப்பேன். பொம்பிளை ஓவசியர் என்றதும் சனம் முதலில் ஏணியைப் பார்க்கும், பிறகு என்னைப் பார்க்கும், பிறகு "உங்கடை அவர் வரேல்லையோ?" என்று கேட்கும். என்னுடைய அவர் ஏணியின் இரண்டாம் படியிலேயே தலைசுற்றி இறங்குகிற மனுசன்! வீட்டைக் கட்டிவைத்து மாரடிக்கிற என் அருமைச் சனங்களே, போன மாரியில் ஒரே ஒரு வீட்டில் நான் பட்ட பாட்டை உங்களுக்குச் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு செமிக்காது.

கார்த்திகை வரைக்கும் தவணை

மருதனார்மடச் சந்திக்குப் பின்னால் ஒடுங்கின ஒரு ஒழுங்கையில் இருக்கிறா தவமணி அக்கா. பென்சன் எடுத்த மருத்துவிச்சி, தனி ஆள். அந்த ஒழுங்கையில் பாதிச் சனம் அவவின் கையில் பிறந்தது. வீடு கனடாவில் இருக்கிற தம்பி குகனின் பெயரில். ஆனால் இருபது வருசமாகக் கூட்டிப் பெருக்கி, விளக்கு வைத்துப் பார்ப்பது அக்காதான். தம்பியும் குறை வைக்கவில்லை. புது மதில், நிலத்துக்கு மாபிள், யானை போகிற அளவுக்கு ஒரு கேற், எல்லாம் போட்டுக் கொடுத்தார். என்ன செய்வது, அதற்குப் பிறகு வந்த இரண்டு மாரியிலும் வெள்ளம் விறாந்தையைத் தாண்டிச் சாமியறை வரைக்கும் வந்துவிட்டது. முந்தி ஒருநாளும் அப்படி வந்ததில்லையாம்.

தம்பி தொலைபேசியிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார். கார்த்திகையில் தானே நேரில் வருவாராம். இந்த முறையும் தண்ணீர் உள்ளே வந்தால் வீட்டை விற்றுவிட்டு, அக்காவைக் கொழும்பில் ஒரு பிளாற்றில் கொண்டுபோய் விடுவாராம். வாங்குகிற ஆள் வந்து கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டும் போய்விட்டார். புரட்டாதியில் அக்கா என்னைக் கூப்பிட்டது இதற்குத்தான். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், "கொழும்பு வசதிதானே அக்கா" என்றேன். அவ தேத்தண்ணிக் கோப்பையை டங்கென்று வைத்தா. "ஏழாம் மாடியிலை இருந்து நான் ஆரோடை கதைக்கிறது பிள்ளை, காகத்தோடையோ?"

பீலிக்குள் பப்பாசி

எனக்கு ரோசம் வந்துவிட்டது. இந்த வீட்டுக்குள் ஒரு சொட்டு வரவிடுகிறதில்லை என்று சாறியை இழுத்துச் செருகிக்கொண்டு ஏணியில் ஏறினேன். ஓட்டுத் தண்ணீர் வடிந்து ஓடுகிற பீலிக்குள் கையை விட்டால், மாவிலை, சேறு, ஒரு பாட்டா செருப்பு, அதற்கும் மேலே முழங்கை உயரத்தில் ஒரு பப்பாசிக் கன்று! எனக்கென்றால் ஒரே புளுகம். பழுதைக் கண்டால் சந்தோசப்படுகிற சாதி நாங்கள், வைத்தியர்மாரும் அப்படித்தான் என்று கேள்வி. "அக்கா, பிடிச்சிட்டன்!" என்று கத்திக்கொண்டே அள்ளி அள்ளிக் கீழே எறிந்தேன்.

நீங்களும் மழை தொடங்க முன்னம் ஒருக்கால் ஆளை ஏற்றிப் பீலியை வழித்துவிடுங்கோ. பீலி அடைத்தால் தண்ணீர் சுவரால் இறங்கி உள்ளே வரும், கூரை மரம் உக்கிப் போகும். ஓட்டில் உரசுகிற கொப்புகளையும் அதே கையோடு வெட்டுங்கோ. ஏணியை ஒருவர் பிடிக்க வேண்டும், அதை மறக்காதேங்கோ. என் ஏணியை அக்கா பிடித்திருந்தா, ஆனால் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு! மதிலுக்கு அந்தப் பக்கம் தோட்டம் செய்கிற சின்னராசா அண்ணை மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு இதெல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றார். "தங்கச்சி, விழுறதெண்டா அங்காலைப் பக்கமா விழுங்கோ, நான் நேற்றுத்தான் கத்தரி நட்டனான்."

விழாத சுவிச்

அடுத்தது கறண்ட். உங்கள் எல்லார் வீட்டிலும் மீற்றருக்குப் பக்கத்தில் றிப் சுவிச் என்று ஒன்று இருக்கும். கறண்ட் ஒழுகினால் தானாக விழுந்து உயிரைக் காப்பாற்றுகிற சாமான். அதில் சோதிக்கிறதுக்கென்றே ஒரு சின்னப் பொத்தான் இருக்கும், அமத்தினால் படக்கென்று விழ வேண்டும். நான் அமத்தினேன். விழவில்லை. இன்னொருக்கால் அமத்தினேன். அது பாட்டுக்கு இருந்தது. மூடியைக் கழற்றிப் பார்த்தால், யாரோ ஒரு புண்ணியவான் சுவிச்சைச் சுற்றிக்கொண்டு நேரடியாக வயரைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான்!

அதற்கு முந்தின மாரியில் இந்த மனுசி முழங்கால் தண்ணீரில் நின்று பிறிட்ஜ் வயரைக் கழற்றியிருக்கிறா. "அக்கா, விசரே உங்களுக்கு? செத்துப்போயிருப்பியள்!" என்று உண்மையாகவே கத்திவிட்டேன். மழைக்கு அடிக்கடி விழுகிறது, கரைச்சலாக இருக்கிறது என்று அவவே சொல்லிச் செய்வித்ததாம். அன்றைக்கே தெரிந்த ஆளைக் கூப்பிட்டுச் சரிப்பண்ணி, கீழே இருந்த பிளக்குகளையும் இடுப்பளவுக்கு உயர்த்திவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். அக்காவுக்கு ஒரே வெட்கம். "பிள்ளைப்பேறு பார்த்த கை, பிள்ளை. எது விழுந்தாலும் எனக்குத் திடுக்கிட்டு ஏங்கிப்போகும், அதுதான் விழாமல் இருந்தாக் காணும் எண்டு விட்டிட்டன்."

ஓட்டைகளைக் காணவில்லை

பீலி சரி, கறண்ட் சரி. ஆனால் வெள்ளம் எங்கேயிருந்து உள்ளே வருகிறது? இரண்டாம் முறை போனபோது கிணற்றடிக் குழாயைத் திறந்துவிட்டு, ஓடுகிற தண்ணீருக்குப் பின்னாலேயே நானும் நடந்தேன். அது வளவைத் தாண்டி நேராகப் பின் மதிலடிக்குப் போய் அங்கேயே நின்றது. நின்று, தேங்கி, மெல்ல வீட்டுப் பக்கம் திரும்பத் தொடங்கியது. எங்கள் ஊர் நிலம் மட்டமான நிலம். முந்தி எல்லாரும் வேலி வைத்திருந்தோம், வெள்ளம் ஒவ்வொரு வளவாகப் புகுந்து குளத்துக்குப் போய்ச் சேர்ந்தது. இப்போது எல்லாரும் மதில் கட்டிவிட்டோம், ஒவ்வொரு வளவும் ஒவ்வொரு தொட்டி. அதனால்தான் மதிலின் அடியில் வெள்ளம் போக ஓட்டை விட வேண்டும். இந்த மதிலில் ஒன்றுகூட இல்லை!

எனக்குக் கோபம் உச்சியில் ஏறிவிட்டது. கத்தரிக்கு வெள்ளம் வரும் என்று சின்னராசா அண்ணைதான் அடைத்திருக்க வேண்டும் என்று நானே முடிவுகட்டி, மதிலுக்கு மேலால் தலையை நீட்டி வாய்க்கு வந்தபடி கேட்டுவிட்டேன். மனுசன் கோபிக்கவில்லை. "தங்கச்சி, உந்தப் பக்கத்தாலை பாருங்கோ. பூச்சு உங்கடை, பெயின்ற்றும் உங்கடை. நாலு ஓட்டை இருந்தது, நான் கண்டனான்." எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் காதில் போடாமல், ஓட்டையைத் திறந்தால் கத்தரிக்குப் பக்கத்தால் ஒழுங்கை வாய்க்கால் வரைக்கும் தண்ணீர் போகத் தானே கால் வெட்டி விடுவதாகச் சொன்னார். அவருடைய மூத்த மகனும் தவமணி அக்காவின் கையில் பிறந்தவன்தான்.

திரும்பிப் பார்த்தால் அக்கா சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நிற்கிறா. மதில் கட்டி முடிந்த கையோடு தம்பிக்கு வட்சப்பில் காட்டினாவாம். அடியில் நாலு ஓட்டை வடிவில்லை, வீட்டின் பெறுமதி குறையும், உடனே அடைத்துப் பூசச் சொன்னது தம்பிதானாம்! வெள்ளத்தை உள்ளே விட்டதும் அவர், வெள்ளம் வருகிறது என்று விற்கப் போவதும் அவர். "இண்டைக்கே உடைப்பம்" என்று நான் துள்ளினேன். அக்கா சம்மதிக்கவே இல்லை. "அவன் ஆசையாக் கட்டின மதில் பிள்ளை, வந்து தன்ரை கண்ணாலை பார்த்துச் சொல்லட்டும், அவன்ரை மனம் நோகக்கூடாது."

அலவாங்கு

மழை தம்பிக்காகக் காத்திருக்கவில்லை. அவர் கொழும்பிலிருந்து வான் பிடித்து வந்துகொண்டிருந்த அன்றைக்கே, காலை வெளுத்ததிலிருந்து கொட்டத் தொடங்கியது. மத்தியானம் அக்காவின் தொலைபேசி. "பிள்ளை, தண்ணி மேல்படிக்கு வந்திட்டுது." நான் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பறந்தேன். போய்ப் பார்த்தால் வளவு முழுக்கக் குளம், விறாந்தைக்கு இன்னும் இரண்டு விரல்தான் மிச்சம். நல்லவேளை, அக்கா மெயின் சுவிச்சை நிற்பாட்டியிருந்தா. பின் மதிலடியில் தொப்பலாக நனைந்து நிற்கிறா, ஒரு கையில் தொலைபேசி, மறு கையில் கல் பெயர்க்கிற இரும்பு அலவாங்கு. தம்பியின் தொலைபேசி வேலை செய்யவில்லை. "அக்கா, அடியுங்கோ!" என்று கத்தினேன். அவ மதிலைப் பார்த்தா, வீட்டைப் பார்த்தா. பிறகு, "குறை நினையாதையடா தம்பி" என்று சொல்லிவிட்டு இரண்டு கையாலும் ஓங்கி ஒரு குத்து!

பூச்சு பெயர்ந்தது. நாலாவது குத்தில் கல் அசைந்து, தண்ணீர் 'ஓ' என்று அந்தப் பக்கம் பாய்ந்தது. மதிலுக்கு அங்கால் சின்னராசா அண்ணை, "வருது! வருது! அடுத்ததையும் திறவுங்கோ!" என்று துள்ளுகிறார். அக்காவுக்குப் பழைய பிள்ளைப்பேற்று அறைக் குரல் வந்துவிட்டது. "அந்தரப்படாதேங்கோ! ஒண்டொண்டா வரட்டும்!" நான் சேற்றில் குந்தியிருந்து சிரிக்கிறேன், கண்ணாலும் வழிகிறது. மூன்றாவது ஓட்டையும் திறந்த நேரம் குகனின் வான் கேற்றடியில் வந்து நின்றது. வெள்ளைச் சப்பாத்தோடு தண்ணீருக்குள் ஓடி வந்தவர், அக்காவின் கையில் அலவாங்கைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார். "அக்கா! என்ரை மதிலை ஏன் உடைக்கிறியள்?"

நான் அவரைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு போய் விறாந்தைப் படியைக் காட்டினேன். ஈரக்கோடு மேல்படியில் இருந்தது, தண்ணீர் அடுத்த படிக்கு இறங்கிவிட்டது. உள்ளே அவருடைய மாபிள் காய்ந்துபோய் மினுங்கிக்கொண்டு கிடந்தது. "ரெண்டு மாரியும் வெள்ளத்தை வீட்டுக்குள்ளை விட்டது நீங்கள் ஓட்டையளை அடைக்கச் சொன்னதுதான்" என்று முகத்துக்கு நேரே சொன்னேன். மனுசன் திரும்பிப் போய் அக்காவிடம் அலவாங்கை வாங்கி நாலாவது ஓட்டையைத் தானே உடைத்தார். பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு, "ஓவசியர், இப்ப வித்தா என்ன பெறும்?" என்று கேட்டார். தொழில் தர்மம், பொய் சொல்ல ஏலாது. வெள்ளம் தேங்காத வீடு, முந்தியை விடக் கூடத்தான் பெறும் என்றேன். சொன்ன பிறகுதான் அக்காவின் முகத்தைப் பார்த்தேன், நாக்கைக் கடித்துக்கொண்டேன். அக்கா நனைந்த சேலையோடு நிமிர்ந்து நின்றா. "விக்கத்தான் வேணுமெண்டா உந்த மதிலை வித்துப்போடு தம்பி. நான் வீட்டை விட்டு வரமாட்டன்."

குகன் அலவாங்கை மதிலில் சாத்தினார். பிறகு முழங்கால் தண்ணீரில் நின்றபடியே என் தொலைபேசியை வாங்கி, வீட்டை வாங்க வந்த ஆளுக்கு அழைப்பு எடுத்தார். "அண்ணை, குறை நினையாதேங்கோ, வீடு விக்கிறேல்லை, இஞ்சை ஆள் இருக்கு."

வீட்டின் பெறுமதியைக் கூட்டுகிறதற்கு என்ன செய்யலாம் என்று கேட்டுத்தான் எல்லாரும் என்னைக் கூப்பிடுகிறார்கள். பெறுமதியைக் கூட்டவென்று அவர்கள் ஏற்கெனவே செய்து வைத்ததை உடைப்பதிலேயே என் சீவியம் போகிறது.