சய இரண்டு

பச்சைக் கொழுந்து வாடி வறுபட்ட வாசனை, மாலையானால் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்குள் சுவருக்கு மேலாகத்தான் வந்து விழும். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் ஒரு காம்பராவுக்கும் அடுத்ததற்கும் நடுவிலிருந்த சுவர் கூரை வரை போகாது. ஆள் உயரத்துக்கு மேல் திறந்தே கிடக்கும். பக்கத்துக் காம்பரா அந்தோனி மாமா "ஸ்டோர்" என்று நாங்கள் சொன்ன தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தார். அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டியதும் இந்தப் பக்கம் வாசனை வரும், பின்னாலேயே அவர் மகள் ரோசலினின் குரலும் வரும்: "ரெண்டு பக்கத்தையும் வர்க்கமாக்கணும்... வர்க்கமூலம் போயிரும்..." வாசனை எனக்குப் பிடிக்கும். குரல்தான் பிடிக்காது.

இருவருக்கும் ஒரே வயது, ஒரே வகுப்பு, அட்டைக்கடி வாங்கிக்கொண்டு நடந்த ஒரே குறுக்குப் பாதை. ஆனால் அட்சரகணிதம் அவளுக்கு மட்டும் சொன்னபடி கேட்டது. நான் ஒரு சமன்பாட்டோடு மல்லுக்கட்டி முடிப்பதற்குள் அவள் முடித்துவிட்டு அடுப்பு ஊதப் போயிருப்பாள். அவள் போடும் வர்க்கமூலக் குறி நேரான கூரை போல எண்களை மூடி நிற்கும். என்னுடையது காற்று தூக்கிய தகரம் போல இருக்கும். அவளுடையதைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும். அது போதாதென்று என் அம்மா வேறு. "அந்தப் புள்ள வாயத் தொறந்தா கணக்கு வருது, நீ வாயத் தொறந்தா சோறுதான் கேக்குற" என்று சுவருக்கு அந்தப் பக்கமும் கேட்கும்படி சொல்வாள். அந்தப் பக்கம் சிரிப்பார்கள்.

அறுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் பாடசாலையில் மேல்வகுப்பு கிடையாது. அட்டன் டவுனிலிருந்த பெரிய பாடசாலை, விடுதியில் இடம் கொடுத்து எங்களில் ஒரே ஒருத்தியை எடுத்துக்கொள்ளும். அதற்குக் கணக்குப் பரீட்சை வைத்தார்கள். வகுப்பில் அதை எழுதத் தேறியவர்கள் ரோசலினும் நானும்தான். கிடைக்காதவளுக்கு என்ன என்பதை அப்பா சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார்: "எடுபடலன்னா திங்கக்கிழம பெரட்டுக்கு வந்துரு. ஒன் பேரப் பதிஞ்சிருவோம்." பெரட்டு என்றால் விடியற்காலை வேலைக்காரர்களை வரிசையில் நிறுத்தி மலைக்குப் பிரித்து அனுப்பும் இடம். அங்கே போனவள் திரும்பவும் புத்தகம் தூக்கியதை நான் பார்த்ததில்லை.

கணக்கு மாஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர். எக்ஸின் வர்க்கம் ஒன்பது என்றால் எக்ஸ் மூன்று மட்டுமல்ல, கழித்தல் குறி போட்ட மூன்றும்தான் என்று கரும்பலகையில் தட்டித் தட்டிச் சொல்வார். அதைச் "சய மூன்று" என்போம். "ஒரு விடையை மட்டும் எழுதினால் அரைப் புள்ளிதான் போடுவன், விளங்கிச்சோ?"

எனக்கு நன்றாக விளங்கியது, தோட்டத்துப் பிள்ளைக்கு விளங்குகிற விதத்தில். மலையில் குறித்த இறாத்தல் கொழுந்து எடுக்காதவளுக்கு அன்று "அரைப் பேர்" போடுவார்கள். விடிந்ததிலிருந்து மழையில் நின்றிருந்தாலும் அது பாதி நாள் வேலைதான். என் அம்மா அரைப் பேர் வாங்கி வந்த அன்று யாருக்கும் நல்ல வார்த்தை கிடைக்காது. ஆகவே ஒரு விடை அரைப் பேர், இரண்டு விடை முழுப் பேர் என்று மண்டையில் ஏற்றிக்கொண்டேன். கையில் வந்த விடையைத் தூக்கி எறிய எங்கள் வீட்டில் யாருக்கு மனம் வரும்?

பரீட்சையின் கடைசிக் கேள்வி: எக்ஸையும் ஆறையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் எக்ஸே வருகிறது, எக்ஸ் என்ன? இரண்டு பக்கத்தையும் வர்க்கமாக்கினேன். மூன்றும் சய இரண்டும் வந்தன. இரண்டையும் எழுதிக் கீழே கோடும் போட்டேன்.

திரும்பி நடக்கையில் கேட்டேன். "கடைசிக்கு எத்தன விட போட்ட?"

"ஒண்ணுதான். மூணு."

"ஒண்ணா? அரப் பேருதான்டி ஒனக்கு!"

"சய ரெண்ட கேள்வியில திரும்பப் போட்டுப் பாத்தியா? ஒத்து வரல புள்ள."

"ஒத்து வரலன்னா வுட்டுருவியா? மாஸ்டர் என்ன சொன்னாரு?"

நான் வழி நெடுகச் சிரித்தேன். வாழ்க்கையில் அவள் மேல் எனக்குப் பொறாமை இல்லாமல் போனது அந்த ஒரு சாயங்காலம்தான். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் அப்பாவிடம் கணக்கைச் சொல்வது கேட்டது. அவர் சொன்னார்: "மலையில நிறுத்தது கெடக்கட்டும்மா, ஸ்டோர்ல மறுக்கா நிறுத்துப் பாத்தாத்தான் கொழுந்து." எனக்கு அதுவும் சிரிப்பாகத்தான் இருந்தது.

மாஸ்டர் வெள்ளிக்கிழமை முடிவோடு வந்தார். மற்ற எல்லாம் இருவருக்கும் சரி. "சய இரண்டைப் போட்டால் உள்ளுக்கு நாலு. நாலின்ரை வர்க்கமூலம் இரண்டு. சய இரண்டே? பக்கங்களை வர்க்கமாக்கினால் பொய் விடையும் உள்ளுக்கு வரும், பிள்ளை. திரும்பப் போட்டுப் பார்க்க வேணும்." இதை முன்பே சொல்லியிருக்கலாமே என்று எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு.

திங்கட்கிழமை ரோசலின் தகரப் பெட்டியோடு அட்டன் பஸ்ஸில் ஏறியபோது நான் கூடையோடு பெரட்டில் நின்றேன். சாயங்காலம் கொழுந்து நிறுத்த கணக்கப்பிள்ளை தராசைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "புதுசா? அரப் பேரு" என்றார்.

இப்போது அந்த லயம் இல்லை. மகள் வீட்டில் சுவர்கள் கூரையைத் தொடுகின்றன. பக்கத்து வீட்டுப் பிள்ளை என்ன படிக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஸ்டோரை மூடிவிட்டார்கள், வாசனையும் போயிற்று. ரோசலின் அட்டனிலேயே கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றாள். தேர்த் திருவிழாவில் பார்த்தால் கையைப் பிடித்துக்கொண்டு பேசுவாள். நல்லவள்தான். அதனால் என் எரிச்சல் ஒன்றும் குறையவில்லை.

கொழுந்து எடுத்த காலமெல்லாம் நான் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்: அவளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் என்னைப் போட்டுப் பார்ப்பது. விடுதிக் கட்டில், கரும்பலகை, மூக்குக் கண்ணாடி, "டீச்சர்" என்று கூப்பிடும் பிள்ளைகள். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். எல்லாம் ஒத்து வருகிறது.