கார்டு நல்லாத்தான் இருக்கு

“ஓடிட்டிருந்ததை யாரு தொடச் சொன்னது?”

காலையில் கடை ஷட்டரைத் தூக்கும்போது ஒரு தடவை, மத்தியானம் சாப்பிட மாடிக்கு வரும்போது ஒரு தடவை, சாயங்காலம் எவராவது கம்ப்யூட்டரைக் குழந்தை மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நிற்கும்போது ஒரு தடவை. என் கொழுந்தன் இந்தக் கேள்வியைக் கேட்காத நாளே கிடையாது. வந்தவர்களும் திருட்டு முழி முழிப்பார்கள். தொட்டது அவர்கள்தானே.

அவன் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிறவன். எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழேதான் கடை. பக்கத்தில் ஜெராக்ஸ் கடை. உள்ளே மூன்று பேர் நின்றால் நாலாவது ஆள் தெருவில் நிற்க வேண்டும். சுவர் தெரியாத அளவுக்குப் பழைய பெட்டிகள், வயர், காற்றாடி. மாத்திரை டப்பாக்களில் திருகாணி. யார் போன் செய்தாலும் முதலில், “ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க” என்பான். அதனால் தெருவில் அவனுக்குப் பேரே ரீஸ்டார்ட்தான். பார்சல் கொண்டுவருகிறவர்கூட “ரீஸ்டார்ட் கடை எதும்மா?” என்றுதான் கேட்பார்.

அவனுக்கு இப்போது இடது கண் மட்டும்தான் தெரியும். வலது கண் போய்விட்டது. எப்படிப் போச்சு என்று தெருவில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். ராப்பகலாக ஸ்கிரீனைப் பார்த்ததால் என்கிறார்கள். சர்க்கரை என்கிறார்கள். குடி என்றுகூட ஒரு புண்ணியவதி சொன்னாளாம். அவன் டீயைத் தவிர எதையும் குடித்தது கிடையாது. நடந்ததைக் கூடவே இருந்து பார்த்தவள் நான். எழுதிவிடுகிறேன், இனிமேலாவது வாயை மூடட்டும்.

ஆரம்பித்து வைத்தது என் வீட்டுக்காரர். அவர் லாரி ஓட்டுகிறவர். ஆறு நாள் லாரி ஓட்டிவிட்டு, ஏழாவது நாள் வீட்டில் உட்கார்ந்து கம்ப்யூட்டரிலும் லாரி ஓட்டுவார். விளையாட்டாம். “ஆறு நாள் ஓட்டினது போதாதா?” என்று கேட்டால், “இதுல போலீஸ் நிறுத்த மாட்டான்டி” என்பார். அன்றைக்கு ஸ்கிரீனில் ‘புதிய பதிப்புக்கு மாறவும்’ என்று ஏதோ வந்திருக்கிறது. இவர் ‘சரி’ என்று அமுக்கிவிட்டார். ஒன்றரை மணி நேரம் அது தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டது. அதற்குப் பிறகு லாரியை எடுத்தால், பாலம் ஏறுவதற்குள் ஸ்கிரீன் கறுத்துப்போகும். இரண்டு நொடி கழித்துத் திரும்பி வரும். இன்னும் கொஞ்ச தூரம் போனால் மறுபடி கறுத்து, விளையாட்டே மூடிக்கொண்டு வெளியே வந்துவிடும்.

பெட்டி கீழே கடைக்குப் போனது. “ஓடிட்டிருந்ததை யாரு தொடச் சொன்னது?” அர்ச்சனை முடிந்ததும், அவன் மேலே வந்து என்னிடம் சொன்னான்:

“அண்ணி, பெட்டியில ஒண்ணுமில்ல. டிரைவர்தான் கோளாறு. புது டிரைவரைத் தூக்கிட்டு பழைய டிரைவரையே போட்டுடலாம்.”

“எந்த டிரைவரைடா சொல்ற? இருக்கிற டிரைவர் கோளாறுன்னு எனக்கு இருபது வருஷமாத் தெரியும். மாத்தித் தர்றதா இருந்தா தாராளமா மாத்திக் குடு.”

கட்டிலில் படுத்திருந்தவர் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டார். பிறகுதான் கொழுந்தன் விளக்கினான். படம் வரைகிற கார்டு ஒன்று உள்ளே இருக்கிறது. அதற்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் தூது போகிற புரோகிராமுக்குப் பேர் டிரைவர். கம்ப்யூட்டர் புதுசாக மாறியதும் அது தானாகவே ஒரு புது டிரைவரைக் கொண்டுவந்து பழையதின் தலைமேல் உட்கார வைத்துவிட்டது. இரண்டும் ஒத்துப்போகவில்லை. வீட்டில் இரண்டு மாமியார் இருந்தால் எப்படி இருக்கும், அந்த மாதிரி.

அவன் வேலை செய்கிற முறையைச் சொல்ல வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றுவான். கேபிளை மாற்றினால் கேபிளை மட்டும். பார்த்துவிட்டு, கோடு போட்ட நீள நோட்டில் தேதி, மணி, எதை மாற்றினான், என்ன தெரிந்தது எல்லாவற்றையும் எழுதுவான். அப்புறம்தான் அடுத்தது. “மொத்தமா மாத்தினா எது கோளாறுன்னு கடைசி வரைக்கும் தெரியாது அண்ணி” என்பான். பொறுமை என்றால் அப்படி ஒரு பொறுமை. எனக்கு அரிசி களையும்போதே பொறுமை போய்விடும்.

முதல் நாள் டிரைவரைக் கழற்றினான், பழையதைப் போட்டான். மறுநாள் காலையில் பார்த்தால் புதுசு மறுபடி உட்கார்ந்திருக்கிறது. இன்டர்நெட் வழியாகக் கம்ப்யூட்டரே திரும்ப இழுத்து வைத்துக்கொண்டதாம். நெட் வயரைப் பிடுங்கினான். சேஃப் மோடு என்று ஒன்று இருக்கிறது, அதில் கம்ப்யூட்டர் அரைத் தூக்கத்தில் இருக்கும். அந்த நேரத்தில் ஒரு துணுக்கு விடாமல் பழையது புதியது எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, பழைய டிரைவரைப் போட்டு, இனி தானாக மாறாதபடி பூட்டும் போட்டான். மூன்றாம் நாள், லோடு இல்லாமல் வீட்டிலிருந்த என் வீட்டுக்காரர் கடையிலேயே உட்கார்ந்து ஒரு மணி நேரம் லாரி ஓட்டினார். பாலம் தாண்டியது. ஸ்கிரீன் கறுக்கவே இல்லை.

அத்தோடு பெட்டியைத் தூக்கிக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை.

“புள்ளி புள்ளியா வருதுண்ணே. மிளகைத் தூவின மாதிரி. ஓரத்துல அப்பப்ப பளிச்சுன்னு ஒண்ணு வெட்டுது. கார்டோட மெமரியில ஏதோ இருக்கு.”

“எனக்கு நல்லாத்தான்டா தெரியுது. குடுத்துத் தொலை.”

“உனக்கு என்ன தெரியும்? லாரிக்காரனுக்கு ரோடு தெரிஞ்சாப் போதும். குறையுள்ள பெட்டியைக் குடுத்தான்னு சொந்த அண்ணன் நீயே நாளைக்கு சொல்லுவ.”

அந்தப் புள்ளி கம்ப்யூட்டரில் இல்லை, அவன் கண்ணுக்குள் இருந்தது. அவனுக்கு அது தெரியவில்லை. கறுத்துப்போவதும் மினுக்குவதுமாக ஒரு பெட்டி மூன்று நாளாக அவன் முன்னால் இருந்தது. எதைப் பார்த்தாலும் அந்தப் பெட்டியின் கோளாறு என்றே எடுத்துக்கொண்டான். விளையாட்டில் லாரி நகர்ந்துகொண்டே இருக்கும், புள்ளியும் நகரும். தெருவில் நடக்கும்போதும் தெரிந்திருக்கிறது. நாள் முழுக்க ஸ்கிரீனைப் பார்த்த அசதி என்று கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துப் போட்டுக்கொண்டிருக்கிறான். சின்ன வயசிலிருந்தே சோடாபுட்டிக் கண்ணாடிக்காரன். துடைப்பது அவனுக்குப் புதுசா?

கேபிளை மாற்றினான். புள்ளி இருந்தது. மானிட்டரை மாற்றினான். இருந்தது. கார்டையே கழற்றிக் கடையில் இருந்த வேறு கார்டைப் போட்டான். அப்போதும் இருந்தது. கரண்ட் கொடுக்கிற பெட்டியை மாற்றினான். எதை மாற்றினாலும் கோளாறு கூடவே வந்தது.

ஐந்தாம் நாள் நான் டீ கொண்டுபோனேன். என்னைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாக ஸ்கிரீன் முன்னால் நிறுத்தினான்.

“அண்ணி, இங்க பாருங்க. கறுப்பு நூல் மாதிரி ஒண்ணு. தெரியுதா?”

பார்த்தேன். சாலை இருந்தது, மரம் இருந்தது, வானம் பளிங்கு மாதிரி இருந்தது. மேலே அடுப்பில் பால். எனக்குக் கோபமான கோபம்.

“ஒரு நூலும் இல்ல, கயிறும் இல்ல. உனக்குத்தான் கண்ணு அவிஞ்சு போச்சு.”

சொல்லிவிட்டு டம்ளரை டொக்கென்று வைத்துவிட்டு மாடியேறிவிட்டேன். என் வாயில் ஒரு நாளைக்கு நாலு தடவை வருகிற வார்த்தைதான். உப்பு டப்பா எங்கே என்று கேட்டால் வரும், செருப்பு எங்கே என்று கேட்டால் வரும். அன்றைக்கு அது ஒன்றுதான் சரியான பதில். சொன்ன எனக்கும் உறைக்கவில்லை, கேட்ட அவனுக்கும் உறைக்கவில்லை. நோட்டில் ‘அண்ணிக்குத் தெரியவில்லை’ என்று மட்டும் எழுதி வைத்திருக்கிறான்.

எட்டாம் நாள் வலது பக்கம் கீழ் மூலையில் சாம்பல் நிறமாக ஒரு நிழல் என்று எழுதினான். ஒன்பதாம் நாள் அது கொஞ்சம் மேலே ஏறியிருந்தது. பத்தாம் நாள் கம்ப்யூட்டரை மொத்தமாகத் துடைத்துப் பழைய பதிப்பையே திரும்பப் போட்டான். நிழல் பாதி ஸ்கிரீனுக்கு வந்துவிட்டது. சாப்பிட வந்தபோது முகம் செத்துப்போயிருந்தது. “இருபது வருஷத்துல இப்படி ஒரு கோளாறை நான் பார்த்ததில்ல” என்றான். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான், சாப்பிடவில்லை.

பதினோராம் நாள், பெட்டிக்குள் இருந்த தூசியைக் காற்றடித்து ஊதினான். நான் காலி டம்ளர் எடுக்கப் போயிருந்தேன். தூசி பறந்து அவன் இடது கண்ணில் விழுந்தது. அந்தக் கண்ணைப் பொத்தித் தேய்த்துக்கொண்டே ஸ்கிரீன் பக்கம் திரும்பினான். அப்படியே நின்றுவிட்டான். கையை எடுத்தான், பொத்தினான், எடுத்தான். வலது கண்ணைப் பொத்திப் பார்த்தான். மறுபடி இடது கண்ணை. பிறகு என் பக்கம் திரும்பி, வலது கண்ணால் மட்டும் என்னைத் தேடினான். நான் இரண்டடி தள்ளி நிற்கிறேன்.

“அண்ணி,” என்றான். “கார்டு நல்லாத்தான் இருக்கு.”

கண் ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். கண்ணில் மருந்து விட்டு, வெளிச்சம் அடித்து, ரொம்ப நேரம் பார்த்தார் அந்த டாக்டரம்மா. விழித்திரை கழன்றுவிட்டது என்றார். கண்ணுக்குள் பின்னால் சுவரில் ஒட்டியிருக்கிற மெல்லிய திரை, அதில் ஓட்டை விழுந்து, தண்ணீர் புகுந்து, ஈரச் சுவரில் காகிதம் உரிகிற மாதிரி உரிந்துவிட்டதாம். இவ்வளவு தடிமனான கண்ணாடி போடுகிறவர்களுக்கு அந்த ஆபத்து அதிகமாம்.

“டிரைவரைப் பத்து தடவை கழட்டி மாட்டினேன்,” என்றான் அவன். “கழண்டது இதுவா?”

எப்போதிலிருந்து என்று டாக்டர் கேட்டார். அவன் பையிலிருந்து நோட்டை எடுத்து நீட்டினான். மேலே கார்டின் நம்பர், கீழே தேதி, மணி, புள்ளி, மின்னல், நூல், நிழல், எந்த மூலை, எவ்வளவு உயரம். டாக்டர் பக்கம் பக்கமாகப் படித்தார்.

“இவ்வளவு தெளிவா இதுவரைக்கும் யாரும் எழுதிட்டு வந்ததில்ல,” என்றார். விரலை ஒரு வரியில் வைத்தார். “இந்தத் தேதியில வந்திருக்கணும். அப்ப நடுப்பகுதி ஒட்டித்தான் இருந்திருக்கு. காப்பாத்தியிருக்கலாம்.”

எட்டிப் பார்த்தேன். ‘அண்ணிக்குத் தெரியவில்லை’ என்ற வரி அது.

ஆபரேஷன் நடந்தது. கண்ணுக்குள் வாயுக் குமிழி விட்டு, பத்து நாள் குப்புறவே படுக்க வேண்டும் என்றார்கள். தின்பது, தூங்குவது எல்லாம் தரையைப் பார்த்தபடி. தலைமாட்டில் போனை வைத்துக்கொண்டு, தலையணையில் முகம் புதைத்தபடி, “ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தான். என் வீட்டுக்காரர் அந்தப் பெட்டியைத் துணி போட்டு மூடிவிட்டார். லாரி விளையாட்டு அன்றோடு சரி.

பத்து நாள் முடிந்தது, சில வாரத்தில் அந்தக் குமிழியும் கரைந்தது. வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் தெரிகிறது. வேறு எதுவும் திரும்பவில்லை. இனித் திரும்பாது.

இடது கண்ணிலும் இரண்டு இடத்தில் திரை மெலிந்திருக்கிறது என்று லேசர் வைக்கக் கூப்பிட்டார்கள். நாற்காலியில் உட்கார்ந்ததும் கேட்டான்: “ஓடிட்டிருக்கிறதை எதுக்கு டாக்டர் தொடறீங்க?”

“நின்னுடக் கூடாதுன்னுதான்,” என்றார் அந்த அம்மா.

வைத்தார்கள். ஆனாலும் உறுதி சொல்ல முடியாது, புள்ளியோ மின்னலோ தெரிந்தால் அன்றைக்கே ஓடி வர வேண்டும் என்றார்கள்.

கடையைத் திறந்துதான் வைத்திருக்கிறான். திருகாணியின் தலையை முதலில் விரலால் தடவிக் கண்டுபிடித்து, பிறகு அதன்மேல் ஸ்குரூடிரைவரை வைக்கிறான். தண்ணீரை டம்ளருக்குப் பக்கத்தில் ஊற்றுகிறான். வலது பக்கம் யாராவது வந்து நின்றால் தெரியாது, அவர்கள் பேசினால் திடுக்கிடுகிறான். வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். ஒற்றைக் கண்ணன் உள்ளே எதையாவது உடைத்துவிடுவான் என்று பயம். வாசல் வரை வந்து, எட்டிப் பார்த்துவிட்டு, பெட்டியை இடுப்பில் வைத்தபடியே திரும்பிப் போனவர்களை மாடியிலிருந்து நானே பார்த்திருக்கிறேன். அவன் கையில் போன எந்தப் பெட்டியும் இதுவரை கெட்டதில்லை. அந்தப் பதினோரு நாளும் என் வீட்டுக்காரர் பெட்டிக்கு ஒரு கீறல்கூட விழவில்லை.

அதனால் கேட்கிறேன், போய் அவனைப் பாருங்கள். கம்ப்யூட்டர் அப்டேட் கேட்டால், அமுக்குவதற்கு முன்னால் போங்கள். அமுக்கிவிட்டீர்களா, திட்டு வாங்க மனசைத் தயார் செய்துகொண்டு போங்கள். “ஐயோ பாவம்” எல்லாம் அங்கே வேண்டாம். அவனுக்கு இடது பக்கமாக உட்காருங்கள். இப்போது அவன் தன் கண்ணை நம்புவதில்லை, ஸ்கிரீனில் ஏதாவது தட்டுப்பட்டால் பக்கத்தில் இருக்கிற ஆளிடம் கேட்கிறான்: “இங்க புள்ளி ஏதாவது தெரியுதா பாருங்க.”

தெரிந்தால் தெரிகிறது என்று சொல்லுங்கள். தெரியாவிட்டால், கிண்டல் பேசாமல், அந்த நிமிஷமே மாடியேறி வந்து என் கதவைத் தட்டுங்கள். அடுப்பில் எது கொதித்தாலும் அணைத்துவிட்டு வருகிறேன்.