ஜீரோ அக்காவும் கால் தொட்டித் தண்ணீரும்

கருவி எதுவானாலும் ஜீரோ அக்கா கையில் வாங்கியதும் அதன் வாயில் மூக்கை வைத்து மோந்து பார்ப்பார். அழுத்தம் உள்ளே நுழைகிற துளைதான் அவருக்கு வாய். எண்ணெய் வாடை அடித்தால், "இவன் எண்ணெ குடிச்சவன், குளிப்பாட்டித்தான் உள்ள விடணும்" என்பார். துரு வாடை என்றால், "வெறும் தண்ணி. சாது." பார்க்கிறவர்கள் முகம் சுளிப்பார்கள். அவருக்கென்ன, உலகத்தில் வேறு யாரும் மோந்து பார்க்காததையெல்லாம் மோந்து பார்த்தே தலை நரைத்தவர்.

பால் தொழிற்சாலையின் பின்கட்டில், மேசையும் இரண்டு நாற்காலியும் போக நின்று திரும்ப மட்டும் இடமுள்ள ஓர் அறை அவருடையது. அளவுக் கருவிகள் சரியாகச் சொல்கின்றனவா என்று பார்த்துத் திருத்துவது வேலை. எதைக் கொண்டுபோனாலும் "மொதல்ல ஜீரோ பாப்போம்" என்று தொடங்குவதால் தொழிற்சாலை முழுக்க அவர் ஜீரோ அக்கா. வீட்டிலும் அதே கதைதான். சமையலறைத் தராசில் மாவு ஏறுமுன் முள்ளைக் குனிந்து பார்க்காமல் விடமாட்டார். பஸ் ஓட்டும் அவர் கணவர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்: "என்னையும் ஒருநாள் பம்புல மாட்டிப் பாத்துருவா. அதுக்குத்தான் பயந்து இருக்கேன்." அக்கா அலட்டிக்கொள்ளாமல், "உங்களுக்கு எல்லாம் நான் எப்பவோ பாத்தாச்சு" என்பார்.

அன்று காலை, பாய்லருக்குத் தண்ணீர் கொடுக்கும் தொட்டியின் டிரான்ஸ்மிட்டர் உயிரை விட்டது. தொட்டியின் அடியில் தண்ணீர் எவ்வளவு அழுத்துகிறது என்பதை வைத்து, எவ்வளவு உயரம் நிற்கிறது என்று மின்கம்பி வழியாகச் சொல்லும் கருவி அது. தொட்டியின் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் கண்ணுக்குத் தெரிந்தாலும், அது சொல்லாவிட்டால் பாய்லர் தீ மூட்ட விடாது. பாய்லர் இல்லையென்றால் நீராவி இல்லை, பாலைச் சூடாக்க வழியில்லை. வாசலில் பால் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றுகொண்டிருந்தன.

ஸ்டோர்காரர் அலமாரியைக் குடைந்து ஒரு டிரான்ஸ்மிட்டரைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். எங்கோ மூடிய ஆலையிலிருந்து பழைய சாமான்களோடு வந்து சேர்ந்தது. பெயர்த்தகடு தேய்ந்திருந்தது. மூடியின் உட்புறத்தில் யாருக்கும் படிக்கத் தெரியாத எழுத்து. அக்கா மோந்து பார்த்தார், "சாது" என்றார், மேசையில் நிமிர்த்தி மாட்டினார்.

பாய்லர்காரர் போனில் அழைத்தார். "அக்கா, வந்துச்சா?"

"வந்துருக்கு. ஆனா புது ஆளு. கொஞ்சம் பழகிட்டுத்தான் அனுப்பணும்."

அழுத்தமே கொடுக்காதபோது, கம்பியில் வரும் மின்சாரத்தை அளக்கும் மீட்டர் சரியாக நான்கு மில்லிஆம்ப் காட்டியது, அதாவது தொட்டி காலி. கைப்பம்பை அழுத்தி முழு அழுத்தம் கொடுத்ததும் இருபது, அதாவது தொட்டி முழுக்க. இரண்டு முனையும் பிசகில்லை.

"அதான் கச்சிதமா இருக்கே, குடுத்துருங்கக்கா" என்றார் ஸ்டோர்காரர்.

"நடுவுல என்ன சொல்றான்னு பாக்க வேணாமா?"

கால் பங்கு அழுத்தம் கொடுத்தார். எட்டு வரவேண்டிய இடத்தில் மீட்டர் பன்னிரண்டில் போய் நின்றது. கால் பங்கைப் பாதி என்கிறது. அக்காவின் முகம் சுண்டிப்போனது. "வயித்துக்குள்ள என்னமோ போயிருச்சு. இது ஆகாது" என்று திருப்புளியைக் கீழே வைத்துவிட்டார். ஸ்டோர்காரர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். ஸ்டோரில் வேறு கருவி கிடையாது.

மனம் ஆறாமல் அக்கா இன்னொரு தரம் பம்பை அழுத்தினார். பன்னிரண்டு. அழுத்தத்தைத் திறந்துவிட்டு மறுபடி ஏற்றினார். அதே பன்னிரண்டு, ஒரு நூல் கூடவில்லை, குறையவில்லை.

"கெட்டுப்போனவன் இவ்வளவு ஒழுங்கா பொய் சொல்ல மாட்டானே" என்றார் மெதுவாக.

கண் மீட்டரில் இருந்தது, கை பம்பின் மேல் சும்மா கிடந்தது. திடீரென்று தலையை ஆட்டிக்கொண்டு சிரித்தார். குழாயில் ஓட்டம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நாலு மடங்காகும். அப்படியானால் கால் பங்கு அழுத்தம் என்பது பாதி ஓட்டம். இந்தக் கருவி முன்பிருந்த ஆலையில் குழாயில் ஓடுகிற தண்ணீரை அளந்திருக்கிறது. இங்கேயும் அந்தக் கணக்கையே போட்டுக்கொண்டிருக்கிறது.

"நீ தப்பு சொல்லலடா. நான் கேக்காத கேள்விக்குப் பதில் சொல்லிட்டு இருக்கே" என்றார் கருவியிடம்.

ஸ்டோர்காரருக்கு இப்போது வேறு கவலை. "அப்ப நான் சொன்ன மாதிரி அப்படியே கொண்டுபோய் மாட்டியிருந்தா?"

"தொட்டியில கால்வாசி தண்ணி இருக்கறப்ப பாதி இருக்குன்னு சொல்லியிருக்கும். பாய்லர்காரரும் அதை நம்பி, பாய்லர் தண்ணியில்லாம காயப்போறது தெரியாம நிம்மதியா உக்காந்திருப்பாரு."

ஸ்டோர்காரர் நாற்காலியை மேசைக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார். அதற்குமேல் அவர் அவசரப்படுத்தவில்லை.

மூடிக்குள் அரிசி மணி அளவில் இரண்டு சுவிட்சுகள் இருந்தன. எது எதற்கென்று எழுதியிருந்தது, ஆனால் படிக்கத்தான் ஆளில்லை. அக்கா அவை இருந்த நிலையைப் போனில் படம் பிடித்துவைத்துக்கொண்டு, மின்சாரத்தை நிறுத்தி, முதல் சுவிட்சைத் தள்ளினார். மறுபடி மின்சாரம் கொடுத்துப் பார்த்தால் மாற்றமே இல்லை. அதைப் பழையபடி வைத்துவிட்டு இரண்டாவதைத் தள்ளினார். கால் பங்கு அழுத்தம்: எட்டு. பாதி: பன்னிரண்டு. முக்கால்: பதினாறு. ஏறும்போது சொன்னதையே இறங்கும்போதும் சொல்கிறதா என்று படிப்படியாக இறக்கிப் பார்த்தார். சொன்னது.

"இப்பதான் நம்ம பாஷைக்கு வந்தான்" என்று கழற்றி, துடைத்து, கைக்குழந்தையைக் கொடுப்பதுபோல ஸ்டோர்காரரின் இரண்டு கையிலும் வைத்தார்.

மதியத்துக்குப் பிறகு பாய்லர்காரரின் போன் வந்தது. "அக்கா, தொட்டிக் கண்ணாடிக் குழாய்ல எவ்வளவு தெரியுதோ அதையேதான் திரையிலயும் காட்டுது. தண்ணிய ஏத்தி எறக்கிப் பாத்துட்டேன். அடுப்பு மூட்டியாச்சு."

"சரிப்பா" என்றார் அக்கா.

பாய்லர்காரர் சந்தோஷத்தில் இணைப்பைத் துண்டிக்க மறந்து போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார் போலிருக்கிறது. அக்காவும் துண்டிக்கவில்லை. அந்தப் பக்கம் பம்ப் முனகியது, தீ உறுமியது, எங்கோ ஒரு வால்வு புஸ்ஸென்று மூச்சு விட்டது. லாரிகள் உள்ளே நகரத் தொடங்கிவிட்ட செய்தியைச் சொல்ல ஸ்டோர்காரர் கதவைத் தள்ளிக்கொண்டு வாயைத் திறந்தார். அக்கா போனைக் காதிலிருந்து எடுக்காமலே, ஆள்காட்டி விரலை உதட்டின்மேல் வைத்தார்.