நாலு மணிக் கச்சேரிக்கு ஆறு மணிக்கு வந்த அப்பா

இன்றைக்கு பாரிஸின் ரூ து ஃபொபூர் சேன்-தெனி தெருவில், மரக்கறிக் கடை வாசலில் சந்தித்தது பேஸ் கித்தார் வாசிக்கும் கரிகாலனை. முதுகில் கித்தார், கையில் முருங்கைக்காய்க் கட்டு. போன ஞாயிற்றுக்கிழமைக் கதையைச் சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. கேட்டவர்களுக்கும்தான்.

பாரிஸ் புறநகரான லா கூர்னெவில் பிறந்து வளர்ந்தவர். அப்பா ஸ்ரீஸ்கந்தராசா உணவகச் சமையல்காரர். திங்கட்கிழமை லீவில், அமெரிக்கக் கன்ட்ரி பாட்டுக் கசெட்டுகளைப் போட்டுவிட்டுத்தான் மீன் வெட்டுவார். யாழ்ப்பாணத்தில் வானொலி கேட்டுப் பிடித்துக்கொண்ட பழக்கம். அம்மா ஜெகதீஸ்வரி தேவாரம் பாடும்போது தொடையில் தாளம் போடுவார்.

"அப்பான்ர கசெட்டும் அம்மான்ர கையும் இல்லாட்டி நான் பேஸைத் தொட்டிருக்க மாட்டன்," என்கிறார் கரிகாலன்.

ஆனால் பன்னிரண்டு வருடம் அவர் வாசித்ததெல்லாம் கல்யாண வீட்டிலும், பெண்பிள்ளைகள் பெரியவளான சாமத்திய வீட்டிலும் சினிமாப் பாட்டுத்தான். போன வருடம் அதை விட்டுவிட்டு, பாஞ்சோ வாசிக்கும் ழான்-லூக்கோடு பழைய கன்ட்ரிக்கும் ப்ளூஸுக்கும் திரும்பினார். அப்பா நல்லதென்றும் சொல்லவில்லை, கெட்டதென்றும் சொல்லவில்லை. ஒருமுறை வந்து கேட்டாலே போதும் என்றிருந்தது மகனுக்கு.

போன ஞாயிறு, லா சப்பல் மெட்ரோவுக்கு எதிரே இருக்கும் கஃபேயில் கச்சேரி. நாலு மணிக்குச் சரியாகத் தொடங்கியது. முன்வரிசையில் இரண்டு கதிரைகள் காலியாகவே கிடந்தன. கடைசிப் பாட்டும் முடிந்தது. கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, ஆறு மணிக்கு, பட்டுச் சேலையோடு அம்மாவும் கோட்டுப் போட்ட அப்பாவும் ஒரு பெட்டி பொரித்த ரோல்ஸோடு வந்து நின்றார்கள்.

"என்ன தம்பி, இன்னும் தொடங்கேல்லையோ?"

"முடிஞ்சுது அப்பா. நாலு மணியெண்டெல்லோ சொன்னனான்."

"நாலெண்டால் ஆர் நாலுக்கு வாறது? உன்ர கலியாணத்துக்கே நீ ஒண்டரை மணித்தியாலம் பிந்தித்தான் வந்தனீ."

ழான்-லூக்குக்குத் தமிழ் தெரியாது. மூன்று பேரின் முகத்தையும் பார்த்தார். ஒரு ரோலை வாயில் கவ்வியபடி, மூடிவைத்த பாஞ்சோவை மறுபடி வெளியே எடுத்தார்.

கசெட்டில் இருந்த ஒரு ரயில் பாட்டு. இரண்டாவது அடியிலிருந்து அப்பா ஒரு சொல்கூடப் பிசகாமல் சேர்ந்து பாடினார். அம்மாவின் கை தொடையில் தாளம் போட்டது. கரிகாலன் அந்தக் கையைப் பார்த்தே வாசித்தார்.

"கலியாண வீடுகளிலை கீபோர்ட் சத்தம் உன்னை மூடிப்போடும்," என்றார் அப்பா. "உன்ர பேஸ் எனக்கு இண்டைக்குத்தான் கேட்டது, தம்பி."

வருகிற ஞாயிறும் அதே கஃபேயில் வாசிக்கிறார்கள். போய்க் கேளுங்கள், தெரிந்தவர்களுக்கும் சொல்லிவிடுங்கள். தயவுசெய்து நாலு மணிக்கே போங்கள். அப்பா மூன்றரைக்கே வந்து முன்வரிசை பிடிக்கப்போகிறாராம்.