வெள்ளத்தில் நின்ற காரின் சாவி

என் கணவர் விடியற்காலை ஐந்தரைக்கு வேலைக்குக் கிளம்புவார். சாவியைத் திருகினால் அந்தப் பழைய கார் இரண்டு முறை இருமிவிட்டுத்தான் பிடிக்கும். அவர் இறந்து எட்டு மாதம் ஆன பிறகும் அந்த இருமல் எனக்கு ஐந்தரைக்குக் கேட்டது. எழுந்து பார்த்தால் கார் சும்மா நிற்கும். பயமில்லை என்று சொன்னால் பொய். நிஜச் சத்தமாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று தினமும் அந்த நேரத்துக்கு நானே போய்ச் சாவியைத் திருகத் தொடங்கினேன். போகப் போக, அது இல்லாமல் எனக்கு விடியாது என்றாகிவிட்டது. பேட்டரிக்காகச் செய்கிறேன் என்று பக்கத்து வீட்டார் நினைத்துக்கொண்டார்கள்.

எங்கள் ஊர் கோத்தா திங்கியில் ஆறு ஏறினால் எங்கள் வரிசை வீடுகள் தப்பாது. அந்த மழைக்காலத்தில் தண்ணீர் கார் பானெட்டைத் தொட்டுவிட்டு வடிந்தது. தம்போயில் கார் பட்டறை வைத்திருக்கும் என் தம்பி போனில் அழைத்து, ஞாயிற்றுக்கிழமை தான் வரும்வரை சாவியைத் தொடவே கூடாது என்றான். இக்னிஷன் என்றால் பற்றவைப்பதுதானாம். உள்ளே காற்றையும் பெட்ரோலையும் பிஸ்டன் நெருக்கும், பிளக் ஒரு பொறி விடும், அந்தச் சின்ன வெடிப்பில்தான் வண்டி ஓடும். காற்று நெருக்கினால் சுருங்கும். உள்ளே புகுந்த தண்ணீர் சுருங்காது, இரும்புதான் வளையும். பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றிய பிறகுதான் மற்றதெல்லாம் என்றான். எனக்கு நன்றாகவே புரிந்தது. புரியாமல் செய்துவிட்டேன் என்று சாக்குச் சொல்லமாட்டேன்.

மூன்று நாள் பொறுத்தேன். ஐந்தரைக்கு இருமல் வந்தது. முன்பைவிடக் கிட்டத்தில், ஜன்னலுக்கு வெளியிலேயே கேட்டது. இருமியதே தவிர, ஒரு நாளும் பிடிக்கவில்லை. படுக்கையில் உட்கார்ந்து அழுதேன்.

நான்காம் நாள் எழுந்து போனேன். சேறு காயாத சீட்டில் உட்கார்ந்து திருகினேன். இரண்டு முறை இருமியது. பிடித்தது. ஒரே ஒரு கணம் அவர் கிளம்பும் சத்தம். உடனே உள்ளே இரும்பு முறிந்ததுபோல் ஓர் இடி. அதோடு நின்றுவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்து பிளக்கைக் கழற்றிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டான். பிஸ்டனைத் தள்ளும் ராட் வளைந்துவிட்டது, இந்த எஞ்சின் இனி பழைய இரும்புக்குத்தான் என்றான்.

"அவ்வளவு சொல்லியும் ஏன்க்கா திருகுனீங்க?"

"மாமாவுக்கு வேலைக்கு நேரமாயிருச்சுடா."

அவன் கையைத் துடைத்துவிட்டு பானெட்டை மெதுவாக மூடினான்.

இப்போது ஐந்தரைக்கு எந்தச் சத்தமும் வருவதில்லை. நான் மட்டும் விழித்துக்கொள்கிறேன்.