செல்வமேரியின் கச்ரா மூட்டை

தட்டைச் சாய்த்து, அரை வட்டம் சுற்றி, விளிம்பைத் தண்ணீரில் நனைத்து எடுக்கிறாள் செல்வமேரி. வெளிறிய மணல் வழிந்து போகிறது. மறுபடி சாய்ப்பு, மறுபடி சுற்று. இந்த நேரத்தில் பேச்சுக் கொடுத்தால் பதில் வராது. கீழுதட்டைப் பல்லால் கவ்வியிருப்பாள். கைபேசி அடித்தால் அடித்துக்கொண்டே கிடக்கும்.

மும்பை தேவ்நாரில் தகரக் கூரை போட்ட கொட்டகை அது. செங்கடலை ஒட்டிய பாலைவனம் ஒன்றில், மூவாயிரம் வருஷத்துக்கு முன்னால் யாரோ வெட்டி விட்டுப்போன தங்கச் சுரங்கம் இருக்கிறது. இன்றைக்கு அதில் ஏதாவது தேறுமா என்று பார்க்க ஒரு சின்னக் கம்பெனி அங்கே கூடாரம் அடித்திருக்கிறது. அங்கிருந்து மூட்டை மூட்டையாக வரும் பாறைத் துண்டுகளை நசீர் மிஷினில் போட்டு மாவாக்குவான். அந்த மாவைத் தண்ணீரில் அரித்து, அடியில் மஞ்சள் தெரிகிறதா என்று பார்த்துச் சொல்வது செல்வமேரியின் வேலை.

தாராவியிலிருந்து அவள் இங்கே வந்தது என்னவோ தரை துடைக்கத்தான். அதுவரை தட்டு பிடித்தவன் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்ட அன்று, "அரிக்கத்தான சார்? நா அரிக்கேன்" என்று தானாக முன்னே வந்தாள். கம்பெனியின் நிலவியலாளர் ஆதித்யன், மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவர். போனால் போகிறது என்று, பதினோரு தங்கத்துகளைக் கலந்த ஒரு சோதனை மூட்டையைக் கொடுத்தார்.

முப்பது வருஷமாக அரிசியில் கல் அரித்த கை. அந்தக் கைதான் அவள் காலை வாரியது. அரிசியில் மேலே வருவதை வைத்துக்கொண்டு, அடியில் தங்குகிற கல்லை வீச வேண்டும். செல்வமேரியும் மேல் மணலைப் பத்திரமாக ஏனத்தில் சேர்த்துவிட்டு, அடியில் கிடந்ததைத் தொட்டியில் கவிழ்த்துவிட்டாள். "அக்கா, இது பொன்னி அரிசி இல்ல" என்று நசீர் விழுந்து விழுந்து சிரித்தான்.

அவள் அசரவில்லை. நசீரிடமே ஸ்பானரை வாங்கி, தொட்டிக்கு அடியில் குந்தி, குழாயின் வளைவைக் கழற்றினாள். சேறு அங்கேயே தேங்கி நின்றது. அதை மறுபடி அரித்தாள். பதினோரு துகளும் வந்தன. தட்டு அன்று முதல் அவளுடையது.

"கச்ரான்னு ஒண்ணு கெடையாது. எங்கனயாச்சும் போயித்தான் கெடக்கும்" என்பது அவள் அடிக்கடி சொல்கிற வார்த்தை. கச்ரா என்றால் இந்தியில் குப்பை. கொட்டகை ஜன்னலில் தேவ்நார் குப்பைமேடு தெரியும். அதைக் கிளறிப் பிழைக்கிறவர்களுக்கும் இது தெரிந்த சங்கதிதான்.

இந்த வருஷம் வந்த நாற்பது மூட்டையிலும் மஞ்சளைக் காணோம். ஆதித்யன் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். "மேரிக்கா, பழைய ஆளுங்க ஏக்தம் சுத்தமா வழிச்சு எடுத்துண்டு போயிட்டா. இந்த மாசத்தோட கேம்ப்பை மூடறா."

கேம்ப் மூடினால் கொட்டகைக்கும் பூட்டு. மறுபடி துடைப்பம். துடைப்பத்தில் கேவலம் எதுவும் இல்லை, ஆனால் அந்தத் தட்டை விட அவளுக்கு மனசு வரவில்லை.

"அவியளும் அரிச்சுத்தான எடுத்திருப்பாவ, சார்? கழிச்சத எங்கன கொட்டுனாவ?"

"சுரங்க வாசல்லயே, பெரிய குவியலா. அது வெறும் வேஸ்ட்."

"கச்ராவா?" என்றவள் கதவுப் பக்கம் திரும்பினாள். தவறுதலாக வந்து சேர்ந்த அந்தக் குவியலின் மூட்டை ஒன்று, நசீர் இந்தியில் 'கச்ரா' என்று எழுதிவைத்தபடி, காற்றுக்குக் கதவு அடிக்காமல் முட்டுக்கொடுத்துக் கிடந்தது.

"மொத நாளு நா செஞ்ச கூத்த அவியளும் செஞ்சிருப்பாவ" என்று மூட்டையை இழுத்துவந்தாள்.

முக்கால் மணி நேரம் தட்டு சுற்றியது. வெள்ளை மணல் போனது. கறுப்பு மணல் பிறைபோல ஒதுங்கியது. அதன் ஓரத்தில் மெல்லிசாக ஒரு மஞ்சள் கோடு. கல்லால் இடித்து அரித்தவர்கள் கைக்குச் சிக்காத பொடித் தங்கம். ஆதித்யன் கண்ணாடி வில்லையை வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"நசீர், கதவுக்கு வேற ஏதாவது வை" என்றார்.

மிச்ச மூட்டை பெரிய பரிசோதனைக் கூடத்துக்குப் போனது. பதில் வர மூன்று வாரம். மூன்று புதன்கிழமையும் செல்வமேரி மாகிம் மாதா கோயிலுக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றினாள். "பொடித் தங்கந்தான மாதாவே, சின்ன மெழுகுவத்தி போதும்லா" என்று கேட்டும் வைத்தாள்.

நேற்று மத்தியானம் ஆதித்யன் போனை வைத்துவிட்டு வேகமாக உள்ளே வந்தார். "இருக்கு மேரிக்கா. கேம்ப்பை மூடலை. அடுத்த சீசன் பூரா அந்தக் குவியல்தான். முந்நூறு மூட்டை வரது. இன்னிக்கு நீங்க சீக்கிரம் ஆத்துக்குக் கெளம்புங்கோ."

"செரி சார்" என்றாள். கண் கலங்கியதை முழங்கையால் துடைத்துக்கொண்டாள். நசீர் வடாபாவ் வாங்க ஓடினான்.

அவன் திரும்பி வந்தபோது, செல்வமேரி சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு தொட்டிக்கு அடியில் குந்தியிருந்தாள். குழாயின் வளைவைத் திருகிக் கழற்றி, இந்த வருஷம் அவள் அரித்த மூட்டைகளிலிருந்து தேங்கிச் சொட்டுகிற சேற்றுக்கு நேராகத் தட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.