கேட் ஏன் இவ்வளவு அகலம்?

இன்று காலை எங்கள் கிளப் மைதானத்தின் புது கேட் முன்னால் நின்றேன்.

மிக அகலமான கேட்.

கால்பந்து ஆடுபவர்கள் ஒவ்வொருவராகத்தான் உள்ளே போவோம். (எங்கள் குண்டு சென்டர் ஃபார்வர்டு உட்பட.)

"பாவா, கேட்டு ஏன் இம்மாம் அகலம்?"

பாவா என் அக்காவின் கணவர். கிளப் செயலாளரும் அவரே; அதனால் எல்லோருக்கும் பாவா.

"ஆம்புலன்ஸ் வர வேணாமா? உனுக்கு எதப் பாத்தாலும் சந்தேகம்."

"ரெண்டு ஆம்புலன்ஸ் ஜோடியா வருமா?"

"நீ டிஃபென்ஸ்ல நின்னா ரெண்டு வேணும்டா" என்றார் ரஃபி பாய். மெக்கானிக். எங்கள் கோல்கீப்பர்.

சிரித்தோம். கேட் அப்படியே அகலமாக இருந்தது.

தெரியாதவர்களுக்கு: திருத்தணி மலைக்குக் கீழே உள்ள இந்தத் திடலில் முதலில் ஆடியவர்கள் அரக்கோணத்து ரயில்வே ஆட்கள். வேடிக்கை பார்த்த எங்கள் ஊர்க்காரர்களையும் உள்ளே இழுத்துவிட்டார்கள். அப்படித்தான் கிளப் பிறந்தது.

ஆடிக்கிருத்திகைக்கு மட்டும் திடலைப் பஸ்கள் நிற்கக் கொடுத்துவிடுவோம். காவடிகள் போன பிறகு, ஒரு கோலிலிருந்து மறு கோல் வரை வரிசையாக நடந்து, ஊக்கையும் அலகு ஊசியையும் பொறுக்குவோம். அதன் பிறகே பந்து. இதை யாரும் சொல்லித் தரவில்லை. ஒருமுறை குத்தினால் போதும்.

இப்போது மைதானத்தைப் புதுப்பிக்கிறார்கள். கேலரி, லைட், புல்தரை. அப்படிச் சொன்னார்கள்.

சொன்னது யார்? யோசித்தால் ஒரு முகமும் நினைவுக்கு வரவில்லை.

சொந்த மைதானம் இல்லாத அணிக்கு எங்கள் லீக்கில் இடமில்லை. சீசன் தொடங்கப்போகிறது. ஆகவே சந்தேகம் என் பொழுதுபோக்கு அல்ல.

உள்ளே போனோம். ரஃபி பாய் குனிந்து தரையைக் கையால் தேய்த்தார்.

"இது புல்லுக்குப் போட்ட தரை இல்லடா. ஜல்லி கொட்டி ரோலர் வுட்டுகீறாங்க. இதுல பஸ்ஸு நிக்கும். நான் டைவ் அடிச்சா முட்டில தோலு நிக்காது."

கோல் போஸ்ட்கள் சுவரோரம் படுத்திருந்தன.

சூப்பர்வைசர் வந்தார். மரியாதையான மனிதர். அதுதான் பயமாக இருந்தது.

"போஸ்ட்ட எப்போங்க நடுவீங்க?" என்று கேட்டேன்.

"டிராயிங்ல இருந்தா நடுவோம் தம்பி."

"இருக்குதா?"

"ஆபீஸ்ல கேளுங்க."

"எங்களாண்ட ஒரு தபா டிராயிங்க காட்டிட்டு வேலய ஆரம்பிச்சிருக்கலாமே" என்றார் பாவா.

சூப்பர்வைசர் காம்பவுண்டு சுவரைக் காட்டினார். அங்கே எங்கள் பேனர். வேலை தொடங்கும் முன்பே நாங்கள் கட்டியது. 'மைதானத்தைப் புதுப்பிக்கும் நல்ல உள்ளங்களுக்கு நன்றி.' நடுவில் கைகூப்பிய பாவா. ஓரத்தில், ஸ்டாம்பு அளவில், நானும்.

"பாத்துட்டுதான் நன்றி சொல்லியிருக்கீங்கன்னு நெனச்சோம்."

எங்கள் ஊரில் எதுவும் வருவதற்கு முன்பே நன்றி சொல்லிவிடுவோம். வந்த பிறகு சொன்னால் வேறு யாராவது முந்திக்கொள்வார்கள்.

 பாவா அங்கே கிடந்த கடப்பாரையை எடுத்தார்.

"பழைய குழி எங்க இருந்துச்சுன்னு எனக்குத் தெரியும் பாவா" என்றார் ரஃபி பாய். "பொழுதன்னிக்கும் அங்கதானே நின்னுகினு இருந்தேன்."

தோண்டத் தொடங்கினோம்.

"யாருங்க தோண்டச் சொன்னது?" சூப்பர்வைசர் ஓடி வந்தார்.

"டிராயிங்ல கீதுங்க" என்றார் பாவா, நிமிராமல். "ஆபீஸ்ல கேளுங்க."

மதியத்துக்குள் இரண்டு பக்கமும் போஸ்ட் நின்றது. கொஞ்சம் சாய்வாக.

சூப்பர்வைசர் அதை ஃபோனில் படம் எடுத்தார். யாருக்கோ அனுப்பினார். பதில் வந்தது. படித்துவிட்டு எங்களுக்கு டீ சொன்னார்.

டீ எதற்கு? இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

"ஆளுங்க ஆடிகினு இருந்தா இது கிரவுண்டு" என்றார் ரஃபி பாய். "ஒரு வாரம் சும்மா வுட்டா பார்க்கிங்கு."

எனவே நாளை விடிந்ததும் ஆட்டம். எங்களிடம் ஓர் அணி இருக்கிறது. எதிரே ஆட ஆளில்லை.

பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை, அரக்கோணம் நண்பர்களே, யார் வருகிறீர்கள்?

வருபவர்களை முதலில் கொஞ்சம் சந்தேகமாகத்தான் பார்ப்போம். பொறுத்துக்கொள்ளுங்கள்.